சுமை இறக்கிய கற்கள்

மயிலாடியிலிருந்து வடக்கே ஒரு காலைப்பொழுது நடந்தால் ஆரல்வாய்மொழி. குமரியை நோக்கி வரும் மேற்கு மலைத்தொடர் அறுந்து வழிவிடுகிற இடம். ஆனி ஆடியில் அந்தக் கணவாய்க்குள் பாயும் மேல்காற்றில் தலைச்சுமையோடு நடப்பது லேசான காரியமில்லை. இன்று அதே காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சேர, சோழ, பாண்டியர் மூவரும் பந்தலிட்டுக் கூடிய இடமென்று அந்த ஊர்ப் பெயருக்குக் கதை சொல்வார்கள். கதையின் வயது எதுவானாலும், அங்கே இரண்டு ஆட்சிகள் முட்டிக்கொண்டது வரலாறு. இந்தப் பக்கம் திருவிதாங்கூர், அந்தப் பக்கம் பாண்டி நாடு. பாண்டி நாடு பிறகு கிழக்கிந்தியக் கும்பினியின் திருநெல்வேலிச் சீமையானது. 1956 வரை இந்தப் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரன் கிழக்கே காலெடுத்து வைத்தால் எல்லை தாண்டியாக வேண்டும்.

அந்த எல்லையை நடந்து தாண்டியவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. நான் கல் வேலை செய்கிறவன். மயிலாடியில் உளிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. கோயில்களுக்குச் சிலையும் தூணும் கொடுத்த ஊர் என்று எல்லாரும் பேசுகிறார்கள். வழிநடைக்காரனுக்குக் கொடுத்த கற்களைப் பற்றிப் பேச்சு இல்லை. சுமைதாங்கி, கல்தொட்டி, ஆவுரிஞ்சிக்கல் என்று நாஞ்சில் நாட்டுக் கல்வேலைக்காரர்கள் பாதையோரத்தில் நட்டுவைத்தவை எத்தனையோ. கடவுளுக்குச் செய்த வேலைக்கு எந்த வகையிலும் குறையாத வேலை அது என்று நினைக்கிறேன்.

சுமைதாங்கியைப் பார்த்திராத பிள்ளைகள் இப்போது அதிகம். இரண்டு நிறுத்துக்கல், அவற்றின் மேல் படுக்கையாக ஒரு கல், அவ்வளவுதான். தலையில் சுமையோடு தனியாக வருகிறவனுக்கு இறக்கிவிட ஆள் வேண்டும். இறக்கினால் மறுபடி ஏற்றிவிடவும் ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் அந்த இரண்டாவது ஆள் இந்தக் கல். அதனால் உயரம்தான் அதன் உயிர். ஒரு சாண் கூடினால் சுமையை அதன்மேல் தள்ள முடியாது. ஒரு சாண் குறைந்தால் திரும்ப ஏற்றும்போது முதுகு போய்விடும். சராசரி மனிதன் லேசாக முழங்கால் மடக்கினால் தலைச்சுமை அப்படியே மேல்கல்லுக்கு வழுக்கிப் போகிற உயரம் அது. நிறுத்துக்கல்லை நல்ல ஆழத்துக்குப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். சிலவற்றில் நிறுத்துக்கல்லின் தலையில் சிறு முளை விட்டு, மேல்கல்லின் அடியில் அதற்குக் குழி வெட்டியிருப்பார்கள். மேல்கல்லின் முதுகை மட்டும் வழவழப்பாகப் பொளிந்திருப்பார்கள், ஓலைப்பெட்டியோ சாக்கோ கிழியாமல் நழுவ வேண்டுமே. இதையெல்லாம் யோசித்து வெட்டிய கைக்குப் பேர் தெரியாது. கல்லில் இருப்பது யார் நினைவாக நட்டார்களோ அவர் பேரும் கொல்லம் ஆண்டும்தான். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

பல சுமைதாங்கிகள் பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்களுக்காக நட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போன பெண்ணின் பேரில், வழியில் போகிற யாரோ ஒருவர் தம் சுமையை இறக்கினால் அவள் ஆத்மா ஆறும் என்பது நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்கவும் கேரளத்திலும் இந்த வழக்கம் இருந்தது. ஒரு குடும்பம் தன் துக்கத்தை முகம் தெரியாத வழிப்போக்கனுக்கு உதவியாக மாற்றிக்கொண்ட வழக்கம் இது. இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பாதையில் நடந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மயிலாடியைச் சேர்ந்த மகராசன். தீண்டாமைக்கு ஆளான சாம்பவர் குடியில் பிறந்தவர், பக்தி மிகுந்தவர். 18ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில், தேடியது கிடைக்காத மனத்தோடு, சிதம்பரம் போய் வருவதென்று உறவினரான சிவகுருநாதனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆரல்வாய்மொழி, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி, பாளையங்கோட்டை என்று போகிற பழைய மதுரைச் சாலை. ராணி மங்கம்மாள் போட்ட சாலையென்று இன்றும் அதைச் சொல்வார்கள். தஞ்சாவூர் வரைக்குமே 400 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அந்தக் காலத்து வழிநடைச் சாமான் என்னவென்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓலைப்பெட்டியில் அவல், கருப்பட்டி, சுக்கு. முதல் இரண்டு நாளைக்குக் கட்டுச்சோறு. மாற்றுத் துணியைச் சுருட்டினால் பகலில் சும்மாடு, இரவில் தலையணை. பனை ஊறும் காலமாக இருந்தால் வழியெல்லாம் அக்கானி என்கிற பதநீர் கிடைக்கும். இவ்வளவும் எல்லாருக்கும் பொது. பொதுவாக இல்லாதது தங்குமிடம். திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுபுரைகளில் சாப்பாடு இலவசம், ஆனால் அது பிராமணர்களுக்கு மட்டும். சத்திரங்களிலும் சாதி பார்த்துத்தான் இடமும் அடுப்பும். தண்ணீர்ப் பந்தலில்கூடச் சிலருக்கு மூங்கில் குழாய் வழியே தள்ளி நின்று ஊற்றினார்கள். அந்தப் பாதையில் ஒரு சாம்பவர் எங்கே தலை சாய்த்திருப்பார்? மரத்தடியில், அல்லது வழியிலிருக்கும் சேரிகளில் உறவு விசாரித்து. சத்திரத்துக்குக் கதவு உண்டு, கதவுக்கு ஆள் உண்டு. சுமைதாங்கிக்குக் கதவு கிடையாது. அதன்மேல் பட்டதெல்லாம் உழைக்கிற சனத்தின் சுமைதான், ஏனென்றால் சுமந்தவர்கள் அவர்கள்தான். நடைவழி வரலாற்றை எழுதுகிறவர்கள் மன்னர்கள் கட்டிய சத்திரங்களை எண்ணுகிறார்கள். யாருக்கு எங்கே சுமையை இறக்க முடிந்தது என்று கேட்டால் அந்த வரலாறு வேறு மாதிரி வரும்.

தஞ்சாவூரில் மகராசனுக்கு உறவினர்கள் இருந்தார்கள். அங்கே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் வழிவந்த கோலாப் என்ற போதகரின் பேச்சைக் கேட்டார். அவர் தேடலின் திசை அங்கேதான் திரும்பியது. திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் என்ற பேரோடு மயிலாடிக்குத் திரும்பினார். ஊரில் எதிர்ப்பு. சிறு கூட்டம் ஒன்று அவரோடு நின்றது. தங்களுக்கு ஒரு போதகர் வேண்டுமென்று அவர் மறுபடியும் அதே கணவாய் தாண்டிச் சோழநாட்டுப் பக்கம் நடந்தார். இந்த இரண்டாம் நடையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். முதல் தடவை போனது தனக்காக. இரண்டாம் தடவை போனது ஊருக்காக.

அதன் பலனாக வந்தவர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. பிரஷ்ய நாட்டுச் சிலேசியாவில் 1770இல் பிறந்தவர், லண்டன் மிஷன் சங்கத்தார் அனுப்பியவர். 1804 கடைசியில் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் படித்தார். 1806 ஏப்ரல் 25ஆம் தேதி ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். சித்திரை வெயில். ஐரோப்பாவின் குளிர்நாட்டில் பிறந்த மனிதர், மொழி படித்து ஓராண்டு சொச்சம், தெரியாத ஓர் அரசின் எல்லை. எளிமையாகவே வாழ்ந்து, வந்த சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துக்கொண்டிருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அவர் நுழைந்த வாயில் வெறும் மலைச்சந்து அல்ல. மலையடிவாரத்தில் தொடங்கிக் கடற்கரையிலுள்ள வட்டக்கோட்டை வரைக்கும் திருவிதாங்கூர் ஓர் அரண் கட்டி வைத்திருந்தது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அதே மன்னரின் படைத்தலைவராகி நாட்டின் கோட்டைகளைப் பலப்படுத்தினார். அந்த அரணுக்கு உள்பக்கம், அதை ஒட்டினாற்போலக் கிடந்த ஊர் மயிலாடி. ஆகவே நாங்கள் எல்லைக் கிராமத்தார். 1809இல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பித் தளவாய் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, கர்னல் செயிண்ட் லெஜர் கொண்டுவந்த படை பிப்ரவரி 10ஆம் தேதி ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இருட்டில் மலைச்சரிவில் ஏறி மேலிருந்து தாக்கியது. பல்லாண்டாகக் கட்டிய கோட்டை ஓர் இரவில் போயிற்று.

அதே 1809இல்தான் மயிலாடியில் ரிங்கல்தௌபே கட்டிய ஆலயம் திறக்கப்பட்டது. திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தத் திருச்சபை ஆலயம். அதோடு ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. பின்னாளில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்ததன் விதை அந்தப் பள்ளிக்கூடம். ரிங்கல்தௌபே உடல் தளர்ந்து 1816இல் சபைப் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். அதன்பின் கடற்பயணத்தில் அவர் என்ன ஆனார், எங்கே இறந்தார் என்பது உறுதியாக எவருக்கும் தெரியாமலே போயிற்று. 1818இல் சார்லஸ் மீட் வந்து தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். மயிலாடி பழையபடி கல் உடைக்கிற ஊரானது. எங்கள் ஊர் ஆலயம் இன்றும் வெள்ளைக்காரர் பேரோடு வேதமாணிக்கம் பேரையும் சேர்த்துத்தான் தாங்கி நிற்கிறது. அது நியாயம். வழி காட்டி நடந்தவர் அவர்.

எல்லை தாண்டிய இன்னொருவரை விட்டுவிடக் கூடாது. எங்களுக்குத் தெற்கே, எட்டும் தூரத்தில் இருக்கிற சாமிதோப்பு. 1833 மாசியில் நோயுற்றிருந்த ஓர் இளைஞரை அவர் தாயாரும் உறவினரும் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடலில் இறங்கியவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அவரை வழிபடும் அய்யாவழியினரின் நம்பிக்கை. திரும்பி நடந்து வந்து, தலைப்பாகை கட்டக்கூடாதென்று தடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். சிதம்பரம் கிளம்பிய மகராசனும், திருச்செந்தூர் போன வைகுண்டரும் எல்லைக்கு அப்பால் போய்த்தான் வேறு மனிதர்களாகத் திரும்பினார்கள். தற்செயல் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே ஒவ்வோர் அடியும் அளந்து விதிக்கப்பட்டிருந்த மனிதனுக்கு, தன் பேரும் குலமும் அறியாத பாதையில் நூறு மைல் நடப்பதே ஒரு கல்வி. சுசீந்திரம் கோயில் தெருக்களில் நடக்கிற உரிமைக்காக 1926இல் போராட வேண்டியிருந்த நாடு இது. கோயில் எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகுதான்.

சாதாரண சனத்துக்கு எல்லை என்பது சவுக்கை. சுங்கம் வாங்குகிற இடத்துக்கு அதுதான் பேர். மிளகும் புகையிலையும் சர்க்கார் தனியுரிமை. மிளகின் தனியுரிமை 1860இலும், புகையிலையின் தனியுரிமை மாதவராவ் திவானாக இருந்தபோது 1863இலும் எடுக்கப்பட்டன. அதற்கு முன்பெல்லாம் கள்ளப் புகையிலையோடு இரவில் மலைச்சரிவு வழியே இறங்கியவர்கள் உண்டு. 1865இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஆங்கில அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் பெரும்பாலான சரக்குக்கு எல்லையில் சுங்கம் இல்லை. ஆனாலும் காசு வேறுதான். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் 8 காசு என்ற கணக்கைச் சந்தைக்குப் போகிற பெண்கள்கூட விரல்நுனியில் வைத்திருந்தார்கள். தபாலும் வேறு, இந்தப் பக்கம் அஞ்சல், மணி கட்டிய கோலோடு ஓடுகிற அஞ்சலோட்டக்காரர். 1860 பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கிழக்கே போனவர்களும், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறத் தூத்துக்குடி போனவர்களும் இந்த வழியைத்தான் மிதித்தார்கள். தாமரைக்குளம், புத்தளம் உப்பளங்களின் உப்பும், ஓலைப்பாயும் கருப்பட்டியும் தலைமேலேதான் போயின.

என் தங்கை மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். விடுமுறை கிடைத்தால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தேசாந்திரம் போய்விடுவான். தென் அமெரிக்காவில் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றி நடந்து, பெரு நாட்டிலிருந்து பொலிவியாவுக்குள் காசானி என்ற எல்லை வாயிலைக் காலாலேயே கடந்து போயிருக்கிறான். கடல்மட்டத்துக்கு 3,812 மீட்டர் மேலே இருக்கிற ஏரி, அதை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கிருந்து குரலஞ்சல் ஒன்று அனுப்பினான். "மாமா, இங்க மலை ஏறி வாறவன் கணவாயில ஒரு கல்லத் தூக்கி வச்சிட்டுப் போறான். நம்ம ஊரு சுமைதாங்கி ஞாபகம் வந்துட்டு." நான், "மக்களே, அந்தக் கல்லு எவ்வளவு உயரம்னு நின்னு பாத்துட்டு வா" என்றேன்.

அது சுமை வைக்கிற கல் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மலைநாட்டுப் பழங்குடிகள் அந்தக் கற்குவியலை அபச்சேட்டா என்கிறார்கள். ஏற்றம் முடிந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, களைப்பை அங்கேயே விட்டுவிட்டு, மேற்கொண்டு நடக்க மலையிடம் பலம் கேட்பது வழக்கம். எல்லை தாண்டியதும் வருகிற ஊர் கோப்பகபானா. அங்கிருக்கும் மாதா சிலையைச் செதுக்கியவர் பிரான்சிஸ்கோ டிட்டோ யுபான்கி என்ற அந்த மண்ணின் மனிதர். அவர் முதலில் செய்ததை மதிக்காமல் ஒதுக்கினார்கள். அவர் பொட்டோசி நகரம் போய், வேலை பழகி, இன்னொன்று செய்து கொண்டுவந்தார். அது 1583இல் கோயிலில் ஏறியது, இன்றைக்கும் தூரதேசத்திலிருந்து சனம் நடந்து வருகிறது. கல்லானாலும் மரமானாலும் உளிக்காரனுக்கு அந்தக் கதை புரியும்.

அந்த ஏரிக்கரை வழியாக இன்கா அரசர்களின் பெருவழி போகிறது. கிளைகளோடு சேர்த்து ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். ஒரு நாள் நடைக்கு ஒன்றாகத் தம்போ என்ற தங்கல்மனைகள், நம் வழியம்பலங்களைப் போல. ஆறு நாடுகள் சேர்ந்து கேட்டு, 2014இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அறிவித்தது கோட்டையை மட்டுமல்ல, நடைபாதைக் கல்லையும் தங்கல்மனையின் இடிந்த சுவரையும் சேர்த்து. இதைப் படித்தபோது மனம் கனத்தது. நம் பாதையிலும் அதே மாதிரிச் சங்கிலி இருந்தது. சுமைதாங்கி, கல்தொட்டி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக்கல், கிணறு, வழியம்பலம். மனிதனுக்கும் மாட்டுக்கும் என்னென்ன வேண்டுமென்று யோசித்து வரிசையாக வைத்தார்கள்.

1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. இந்த இணைப்புக்காகப் போராடி, 1954 ஆகஸ்ட் 11 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களின் ரத்தம் அதில் இருக்கிறது. அன்றோடு ஆரல்வாய்மொழி எல்லை என்ற வேலையிலிருந்து விடுபட்டது. எல்லை மேற்கே களியக்காவிளைக்குப் போயிற்று. பேருந்து வந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலி ரயிலும் வந்தது. திருச்செந்தூருக்குக் காவடியோடு போகிற பாதயாத்திரைக்காரர்களைத் தவிர அந்த வழியில் நடக்க ஆளில்லை.

சாலை அகலமாக வேண்டியதுதான், நான் அதற்கு எதிரில்லை. ஆனால் மண் வாரும் இயந்திரம் வருகிற நேரத்தில் ஓரத்தில் நிற்கிற மூன்று கல் என்னவென்று ஓட்டுநருக்குத் தெரியாது, சொல்ல ஊரிலும் ஆளில்லை. அப்படிப் பிடுங்கிப் போட்ட மேல்கல் ஒன்று சாக்கடைக்கு மூடியாகக் கிடந்ததை நான் பார்த்தேன். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. ஒரு பெண்ணின் பேர் அது.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பாதையோரத்தில் சுமைதாங்கி நின்றால் அதைப் படம் எடுங்கள். எழுத்திருந்தால் தேங்காய் நார் கொண்டு தண்ணீரில் மெல்லக் கழுவிப் படியுங்கள். சிமெண்டும் பெயிண்டும் அதன்மேல் படவேண்டாம், இரும்புத் தூரிகையும் வேண்டாம். பேரையும் ஆண்டையும் எழுதி ஊராட்சியிலும் பக்கத்து அருங்காட்சியகத்திலும் கொடுங்கள். சாலைக்காக அதை நகர்த்தியே தீர வேண்டுமென்றால் பத்தடி தள்ளி, அதே உயரத்தில் நடச் சொல்லுங்கள். நட ஆள் கிடைக்காவிட்டால் மயிலாடிக்கு வந்து எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்கள், நாங்கள் வந்து நட்டுத் தருகிறோம்.